எசமானின் மாளிகையும் அடிமையின் விண்ணப்பமும்

(வாசிகசாலை ஒன்றின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



அமெரிக்க சுதந்திரப் போரைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கின்றனர். அப்போரைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக வாஷிங்டனிலே தொடங்குவர், ஜெபர்சனிலே முடிப்பர். நடுவே பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்ட கதையைச் சொல்லுவர். அவற்றையெல்லாம் நீங்கள் பள்ளிப் பருவத்திலேயே படித்திருப்பீர்கள். ஆகவே நான் இன்று வேறு வழியாக வருகிறேன். படைத்தலைவனையோ, பிரகடனத்தையோ பற்றியன்று. ஒரு வீட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்த வீட்டிலே ஐம்பது ஆண்டுகள் ஊழியஞ் செய்த, எழுதத் தெரியாத ஒரு முதியவளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே, பொஸ்டன் நகருக்கு வடமேற்கே சில மைல் தொலைவில் மெட்போர்ட் என்றோர் ஊர் உண்டு. மிஸ்ரிக் என்னும் ஆறு அவ்வூரை ஒட்டி ஓடுகிறது. அங்கே மூன்று மாடிகளைக் கொண்ட பழைய மாளிகை ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் மேற்கு முகப்பு மரத்தாலானது. ஆனால் தூரத்தே நின்று பார்ப்பவன் அதனைக் கல் என்றே எண்ணுவான். மரப் பலகைகளை அவ்வளவு நேர்த்தியாகக் கல்லின் தோற்றத்திலே செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். இந்த மாளிகைக்கு அருகிலே, செங்கல்லாலும் மரத்தாலும் அமைந்த வேறொரு கட்டடமும் நிற்கிறது. அதிலே செதுக்கு வேலை எதுவுமில்லை. அழகு காட்டும் முகப்புமில்லை. அதுதான் அடிமைகளின் குடியிருப்பு. அமெரிக்காவின் வட மாநிலங்களில் அடிமைகளுக்கென அமைந்த தனிக் கட்டடங்களுள் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றே என்று கருதப்படுகிறது.

இவ்விரண்டு கட்டடங்களும் சேர்ந்ததே இன்று ‘ரோயல் இல்லமும் அடிமைக் குடியிருப்பும்’ என்ற பெயரோடு விளங்கும் நூதனசாலை. அதன் பெயரிலுள்ள பின்பாதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பின்பாதி பெயர்ப்பலகையில் ஏறுவதற்கு எத்தனை காலம் சென்றது என்பதைப் பின்னர் சொல்லுகிறேன்.

சீனியிலே விளைந்த செல்வம்

ஐசாக் ரோயல் என்பவர் அமெரிக்கக் குடியேற்றத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அவர் கரிபியன் கடலிலுள்ள அன்ரிகுவா என்னும் பிரித்தானியத் தீவுக்குப் போனார். அங்கே கரும்புத் தோட்டம் வைத்தார், வாணிகம் செய்தார், மனிதரை வாங்கி விற்கும் தொழிலிலும் ஈடுபட்டார். பெருஞ் செல்வரானார்.

அக்காலத்து வாணிகம் எப்படி நடந்தது என்பதை நீங்கள் அறிதல் வேண்டும். அன்ரிகுவாவிலே நிலமெல்லாம் கரும்பு. உணவுக்கும், மரத்துக்கும், குதிரைக்கும், உப்பிட்ட மீனுக்கும் அத்தீவு வெளியாரையே நம்பியிருந்தது. மசாசூசெற்ஸ் முதலிய வட குடியேற்றங்கள் இவற்றை அனுப்பின. பதிலுக்குச் சீனியும் சீனிப்பாகும் வந்தன. பாகைக் காய்ச்சி றம் என்னும் மதுவை வடித்தனர். மெட்போர்ட் ஊரின் றம் பின்னாளில் பெயர் பெற்ற சரக்காயிற்று. அந்த மதுவை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் ஆபிரிக்கக் கரைக்குப் போயின. மதுவைக் கொடுத்து மனிதரை வாங்கின. அம்மனிதரைக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டங்களிலே விற்றன. ஆக, பொஸ்டன் வணிகன் ஒருவன் தன் வாழ்நாளிலே ஓர் அடிமையையேனும் கண்ணாற் காணாதவனாய் இருந்திருக்கலாம். ஆனாலும் அவன் பெட்டியிலே சேர்ந்த காசில் அடிமையின் வியர்வை ஒட்டியே இருந்தது.

1736ஆம் ஆண்டு அன்ரிகுவாவில் ஒரு பெருஞ் செய்தி பரவிற்று. அடிமைகள் கிளர்ந்தெழத் திட்டமிட்டிருக்கிறார்கள். மன்னரின் முடிசூட்டு நினைவு நாளன்று ஆளுநர் நடத்தும் விருந்திலே வெடிமருந்து வைக்கப் போகிறார்கள் என்பதே அச்செய்தி. எசமானர்கள் நடுங்கினர். விசாரணை என்ற பெயரால் எண்பத்தெட்டுப் பேர் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் உயிரோடு எரிக்கப்பட்டனர். ஐசாக் ரோயலின் தோட்டத்திலே கங்காணி போலிருந்த ஹெக்டர் என்ற அடிமையும் மாண்டவர்களுள் ஒருவன். இன்று அன்ரிகுவா சுதந்திர நாடு. அக்கிளர்ச்சியின் தலைவனாகிய கிளாஸ் என்பவனை அந்நாடு தேசிய வீரனாகப் போற்றுகிறது. அன்று தீயிலே எரித்தவர்களின் பெயர்களை இன்று யார் நினைக்கிறார்கள்?

கிளர்ச்சிக்கு அடுத்த ஆண்டாகிய 1737இலே ரோயல் குடும்பம் அன்ரிகுவாவைவிட்டு மெட்போர்ட்டுக்கு வந்தது. ஐந்நூறு ஏக்கர் அளவிலான பண்ணையை அவர் 1732இலேயே அங்கு வாங்கி வைத்திருந்தார். தம்மோடு இருபத்தேழு அடிமைகளையும் அழைத்து வந்தார். அடிமைகளைக் குடியேற்றத்துக்குள் கொண்டுவருவதற்கு அக்காலத்திலே தீர்வை உண்டு. ரோயல் என்ன செய்தார் தெரியுமா? மசாசூசெற்ஸ் சட்டசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். ‘இவர்கள் விற்பனைச் சரக்கல்லர், என் சொந்த உபயோகத்துக்கே கொண்டு வந்தேன், ஆதலால் தீர்வையிலிருந்து எனக்கு விலக்கு அளிக்க வேண்டும்’ என்பதே அதன் கருத்து.

அன்பர்களே! இது இந்த மாளிகையிலிருந்து எழுந்த முதல் விண்ணப்பம். இதே மாளிகையின் தொடர்பாக நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதே மாநிலத்தின் சட்டசபைக்கு வேறொரு விண்ணப்பம் போயிற்று. இவ்விரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அமெரிக்க சுதந்திரத்தின் மேன்மையும் தெரியும். அதன் குறையும் தெரியும்.

விடுதலைக் குரலும் விற்பனைக் கடிதமும்

முதிய ரோயல் 1739இல் காலமானார். அவர் மகனுக்கும் ஐசாக் ரோயல் என்பதே பெயர். தந்தையின் செல்வத்திற் பெரும்பகுதி இருபது வயது இளைஞராகிய அவர் கைக்கு வந்தது. அவர் மாளிகையைப் பெரிதாக்கினார், அழகுபடுத்தினார். 1741இலே றொபேட் பீக் என்ற ஓவியரைக்கொண்டு தம் குடும்பத்தைப் படமாக வரைவித்தார். பட்டும் பகட்டும் மிளிரும் அந்தப் படம் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டைத் துவைத்தவர், அடுப்பை மூட்டியவர், பண்ணையை உழுதவர் ஒருவரேனும் அப்படத்தில் இல்லை. அக்குடும்பத்தின் காலத்திலே அறுபதுக்கு மேற்பட்ட அடிமைகள் அங்கு ஊழியஞ் செய்தனர். அவர்களுள் ஒருவருக்கேனும் உருவப்படம் எழுதி வைக்கப்படவில்லை.

இளைய ரோயல் ஊரிலே கொடையாளி என்று பெயரெடுத்தவர்; ஆளுநரின் சபையிலே நீண்ட காலம் அங்கம் வகித்தவர். அவரைக் கொடியவர் என்று அவரது வகுப்பார் எவரும் சொன்னதில்லை. இதனை நான் வேண்டுமென்றே சொல்லுகிறேன். கொடுங்கோலன் ஒருவனால் மட்டுமே கொடுமை நடக்கும் என்று நாம் நினைப்பது பிழை. நல்லவர் என்று ஊரார் போற்றும் மனிதரின் வீட்டிலே, ஒவ்வொரு நாளும், ஓசையின்றி, சட்டத்தின் துணையோடு அநீதி நடைபெறலாம். அதுவே மிகவும் அஞ்சத்தக்க அநீதி.

1764இலே பிரித்தானியப் பாராளுமன்றம் சீனிச் சட்டத்தை நிறைவேற்றியது. அயல்நாட்டுச் சீனிப்பாகுக்குக் கலனொன்றுக்கு மூன்று பென்ஸ் தீர்வை. அதனைக் கண்டிப்பாக வசூலிக்க ஏற்பாடு. பொஸ்டன் வணிகர்கள் கொதித்தெழுந்தனர். எங்கள் சம்மதமின்றி எங்கள்மீது வரி விதிப்பதா? இது எங்களை அடிமைகளாக்கும் செயலன்றோ என்று முழங்கினர். மேடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் ‘அடிமைத்தனம்’ என்ற சொல் அனற்பொறியாய்ப் பறந்தது. அச்சொல்லைச் சொன்னவர்களின் மேசைக்கு உணவு கொண்டுவந்து வைத்த கைகள் யாருடையவை? அடிமைகளின் கைகள்! ஊருக்கு உபதேசம் உரைப்பவர் தம் வீட்டு அடுக்களையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் அடுக்களையிலே நின்றவர்களுக்குக் காது இருந்தது. எசமானர் பேசிய பேச்சுக்களை அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1773இலும் 1774இலும் மசாசூசெற்ஸ் அடிமைகள் தங்களுக்கும் விடுதலை வேண்டுமென்று சட்டசபைக்கும் ஆளுநருக்கும் விண்ணப்பித்தனர். 1777 ஜனவரியில் பிறின்ஸ் ஹோல் என்ற கறுப்பினத் தலைவரும் வேறு சிலரும் சேர்ந்து மீண்டும் ஒரு விண்ணப்பம் சமர்ப்பித்தனர். பிரித்தானியாவுக்கு எதிராக அமெரிக்கர் எடுத்துரைக்கும் நியாயங்கள் எல்லாம் எங்கள் பக்கத்தில் இன்னும் பன்மடங்கு வலிமையோடு நிற்கின்றனவே என்பதே அவர்கள் வாதம். இந்த வாதத்துக்கு யார் மறுமொழி சொல்ல முடியும்?

1775 ஏப்ரல் 19ஆம் நாள் லெக்சிங்டனிலே முதல் வெடி வெடித்தது. அதற்கு மூன்று நாட்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, ஐசாக் ரோயல் தம் வண்டியிலேறிப் பொஸ்டனுக்குப் போனார். அவர் மாளிகைக்குத் திரும்பவே இல்லை. பொஸ்டனிலிருந்து ஹலிபாக்ஸ், அங்கிருந்து இங்கிலாந்து என்று அவர் பயணம் நீண்டது. அரசர் பக்கமா, மக்கள் பக்கமா என்று முடிவு செய்ய இயலாத மனிதரை வரலாறு அரசர் பக்கத்திலே சேர்த்துவிட்டது.

எசமானில்லாத மாளிகைக்குள் விடுதலைப் படை புகுந்தது. பொஸ்டன் முற்றுகையின்போது நியூ ஹாம்ஷயர் படைத்தலைவர் ஜோன் ஸ்ராக் அங்கே தங்கினார். சாள்ஸ் லீ என்ற தளபதியும் அங்கே சிறிது காலம் இருந்தார். அவர் அம்மாளிகைக்குக் ‘குட்டிப்பேய் மண்டபம்’ என்று பொருள்படும் பெயரொன்றை விளையாட்டாகச் சூட்டினார். 1776 மார்ச் 17ஆம் நாள் பிரித்தானியப் படை பொஸ்டனைவிட்டுக் கப்பலேறிற்று. இவ்வாறுதான் இந்த மாளிகை அமெரிக்க சுதந்திரப் போரின் சின்னமாயிற்று.

அதே 1776ஆம் ஆண்டிலே ரோயல் தம் ஊரிலுள்ள வைத்திய நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தம் செலவுக்குப் பணம் தேவை. ஆகவே சில அடிமைகளை விற்றுத் தரவேண்டும் என்று கேட்டார். ஸ்ரீபன், ஜோர்ஜ் என்ற இருவரையும் அறுபது பவுண் வீதம் வாங்கியதாகவும், இப்பொழுது அதனினும் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம் என்றும் எழுதினார். ஹேகர், மைரா என்ற பெண்களுக்கும் விலை குறித்தார். பெற்சி என்பவள் விரும்பினால் விடுதலை பெற்றுக்கொள்ளலாம். அவள் மகள் நான்சியை நல்ல குடும்பமொன்றில் வேலைக்கு விடலாம் என்றும் சொன்னார்.

மனிதரெல்லோரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று உலகறியப் பறைசாற்றிய ஆண்டு எது? 1776! ஸ்ரீபனுக்கும் ஜோர்ஜுக்கும் விலை குறித்த ஆண்டு எது? அதுவும் 1776! பிரகடனத்தின் 250ஆம் ஆண்டு நிறைவு 2026இல் வருகிறது. அப்பிரகடனத்தோடு இந்தக் கடிதத்தையும் சேர்த்துப் படித்தாலன்றி அந்த ஆண்டின் வரலாறு முழுமை பெறாது.

எழுதத் தெரியாதவள் எழுதுவித்த விண்ணப்பம்

இனிப் பெலிண்டாவிடம் வருவோம்.

ஆபிரிக்காவிலே இன்றைய கானா நாட்டில் வொல்ரா என்றோர் ஆறு ஓடுகிறது. தான் அந்த ஆற்றங்கரையைச் சேர்ந்தவள் என்பதே பெலிண்டாவின் நினைவு. பன்னிரண்டு வயது நிரம்புமுன்னரே அவள் கவர்ந்து செல்லப்பட்டாள். பெற்றோரோடு வழிபாட்டில் இருந்த வேளையிலே ஆயுதந் தாங்கியவர்கள் வந்து விழுந்தார்களாம். பெற்றோர் முதுமையால் விலைபோகார் என்று அவர்களை விட்டுவிட்டுச் சிறுமியைப் பற்றிக்கொண்டு போனார்களாம். கப்பலிலே ஏறத்தாழ முந்நூறு பேர் விலங்கிட்டுக் கிடந்த காட்சியை எழுபது வயதிலும் அவள் மறக்கவில்லை. பின்னர் ரோயல் குடும்பத்தின் அடிமையாக ஐம்பது ஆண்டுகள்! சிறுமியாக வந்தவள் கிழவியானாள். ஜோசப் என்ற மகனும் பிறைன் என்ற மகளும் அவளுக்குப் பிறந்தார்கள். மகள் நோயாளி.

எசமான் ஓடிப்போன பின் மாநில அரசு அவருடைய உடைமைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1778இலே இங்கிலாந்தில் எழுதிய மரண சாசனத்தில் ரோயல் பெலிண்டாவைத் தம் மகளுக்கு விட்டுச் சென்றார். ஆனால் அவள் விரும்பினால் விடுதலை பெறலாம் என்றும் எழுதினார். அதற்கும் ஒரு நிபந்தனை: ஊராருக்குச் சுமையாகமாட்டாள் என்பதற்கு அவள் பிணை காட்ட வேண்டும்! ஐம்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் சுமையைத் தன் தோளிலே தாங்கியவள் ஊருக்குச் சுமையாகமாட்டாள் என்று பிணை காட்ட வேண்டுமாம். 1781இல் ரோயல் இங்கிலாந்திலேயே காலமானார்.

1783 பெப்ரவரி 14ஆம் நாள் மசாசூசெற்ஸ் மேற்சபைக்கும் பிரதிநிதிகள் சபைக்கும் பெலிண்டாவின் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது. அவளுக்கு எழுத்தறிவில்லை. எழுத்தறிந்த யாரோ அவள் சொல்லைக் கேட்டு எழுதிக் கொடுத்தனர். அடியிலே அவள் தன் கையால் ஒரு குறுக்குக் குறி இட்டாள். தான் பிறந்த ஆற்றங்கரையையும், பறிகொடுத்த பெற்றோரையும், கப்பலின் விலங்கையும், ஐம்பது ஆண்டு ஊழியத்தையும் அவள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொன்னாள். அதன்பின் அவள் சொன்னதுதான் அவ்விண்ணப்பத்தின் உயிர். அந்தப் பெருஞ் செல்வத்தின் ஒரு பகுதி தன் உழைப்பினால் சேர்ந்தது. முழுவதுமே தன் அடிமைத்தனத்தால் பெருகியது. ஆயினும் அதிலிருந்து ஒரு கவளத்தையேனும் பெறச் சட்டம் தனக்கு இடந்தரவில்லை என்றாள். தனக்கும் நோயாளி மகளுக்கும் வறுமை வாராமற் காக்க அச்செல்வத்திலிருந்து ஓர் உதவித்தொகை வேண்டுமென்று கேட்டாள்.

கவனியுங்கள்! அவள் பிச்சை கேட்கவில்லை. இரக்கத்தின் பெயரால் மட்டும் கேட்கவில்லை. கணக்குக் கேட்டாள்! உழைத்தவள் நான், சேர்ந்தது உன் பெட்டியில், எனக்குரிய பங்கு எங்கே என்று கேட்டாள். அரசியல் ஞானிகள் பல நூல்களில் எழுதிய தத்துவத்தை எழுத்தறியாத முதியவள் ஒரே காகிதத்தில் அடக்கிவிட்டாள்.

சட்டசபை அவள் கோரிக்கையை ஏற்றது. ரோயலின் சொத்து வருமானத்திலிருந்து ஆண்டுக்குப் பதினைந்து பவுண் பன்னிரண்டு சிலிங் கொடுக்குமாறு பணித்தது. அதாவது வாரத்துக்கு ஆறு சிலிங். தொகை சிறிதுதான். ஆனால் அடிமையின் உழைப்புக்கு எசமானின் செல்வத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதே, அது சிறிதா?

அவ்வாண்டில் அம்மாநிலத்தின் காற்று மாறிக்கொண்டிருந்தது. 1780ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மனிதர் அனைவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர் என்று கூறிற்று. அச்சொல்லைப் பற்றிக்கொண்டு பெற் என்ற அடிமைப் பெண் 1781இல் நீதிமன்றம் ஏறி வென்றாள். எலிசபெத் பிறீமன் என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டாள். அவள் ஊழியஞ் செய்த ஆஷ்லி என்பவரின் இல்லமும் இன்று நூதனசாலையாக இருக்கிறது. 1773இலே உரிமைத் தீர்மானங்களை ஊர்ப் பெரியோர் வரைந்ததும் அதே இல்லத்தில்தான்! குவொக் வோக்கர் என்பவரின் வழக்குகளில் 1783இலே பிரதம நீதியரசர் குஷிங், அந்த அரசியலமைப்பின் கீழ் அடிமை முறைக்கு இடமில்லை என்று எடுத்துரைத்தார். 1790ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே மசாசூசெற்ஸ் மாநிலத்தில் அடிமை ஒருவரும் பதிவாகவில்லை.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. சட்டசபை கொடுக்கச் சொன்ன பணம் ஒழுங்காக வந்து சேரவில்லை. ஏட்டிலே உரிமை, கையிலே வெறுமை! பெலிண்டா சும்மா இருந்தாளா? இல்லை. 1785இல் மீண்டும் விண்ணப்பித்தாள். 1787இல் மீண்டும். அதன்பின் 1793 வரை மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தாள். பிந்திய விண்ணப்பங்களிலே அவள் பெயர் பெலிண்டா சட்டன் என்று காணப்படுகிறது. எழுபதைக் கடந்த முதியவள், கிடைத்துவிட்டதென்று சட்டம் சொன்ன ஒன்றைக் கேட்டுக்கேட்டுப் பத்தாண்டுகள் படியேறினாள். எந்த மாளிகையின் பெயரைச் சொல்லி அவள் கேட்டாளோ அந்த மாளிகையின் வருமானம் அவள் ஊழியத்தால் பெருகியது என்பதை அவள் ஒருகாலும் மறக்கவில்லை. மற்றவர் மறக்கவும் விடவில்லை.

அன்பர்களே! உரிமையைப் பெறுவது ஒரு போராட்டம். பெற்ற உரிமையைக் கையிலே வாங்குவது வேறொரு போராட்டம். இரண்டாவது போராட்டத்துக்குப் பறையோசையும் பதாகையும் இல்லை. அது தனியே, தளராமல், ஆண்டுக்கணக்காகச் செய்ய வேண்டிய போராட்டம்.

பெயர்ப்பலகையின் பின்பாதி

எசமானின் செல்வத்துக்கு என்ன நேர்ந்தது? ரோயல் தம் சாசனத்திலே ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கு நிலம் விட்டுச் சென்றார். அதன் வருமானத்தைக்கொண்டு 1815இலே சட்டப் பேராசிரியர் பதவியொன்று ஏற்படுத்தப்பட்டது. அதன் வழியே 1817இல் சட்டக் கல்லூரி பிறந்தது. 1936இலே அக்கல்லூரி தனக்கொரு சின்னம் வகுத்தபோது ரோயல் குடும்பத்தின் மூன்று கோதுமைக் கட்டுக்களைப் பொறித்துக்கொண்டது. நீதியைக் கற்பிக்கும் சாலையின் வாயிலிலே அடிமை வைத்திருந்தவரின் இலச்சினை! எண்பது ஆண்டுகள் அது அங்கே இருந்தது. மாணவர் கிளர்ச்சி செய்தனர். 2016இலே அச்சின்னம் விலக்கப்பட்டது. 2017இலே, எவருடைய உழைப்பின் செல்வத்தால் அக்கல்லூரி நிறுவப்பட்டதோ அந்த அடிமைகளுக்கு அங்கே நினைவுக் கல் நாட்டப்பட்டது. 2019இலே அன்ரிகுவாவின் பிரதமர் அப்பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி, தம் தீவு மக்களின் முன்னோரின் உழைப்புக்கு ஈடு கோரினார். பெலிண்டா தொடங்கிய விண்ணப்பம் இன்னும் முடியவில்லை என்பதே இதன் பொருள்.

மாளிகைக்கு என்ன நேர்ந்தது? பல கைகள் மாறிச் சிதைவுறும் நிலைக்கு வந்தது. 1898இலே சுதந்திரப் போர் வீரரின் வழிவந்த பெண்கள் சங்கத்தின் ஊர்க் கிளையினர் அதனை வாடகைக்கெடுத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தனர். 1908இலே அதற்கென அமைந்த சங்கம் அதனை விலைக்கு வாங்கிற்று. அப்பெண்கள் முன்வந்திராவிடில் இன்று அங்கே மாளிகையும் இராது. அடிமைக் குடியிருப்பும் இராது. அந்த நன்றியை நாம் மறக்கலாகாது. ஆயினும் நெடுங்காலமாக அங்கே வந்தவர்களுக்குக் காட்டப்பட்டவை எவை? எசமானின் மேசை, நாற்காலி, பீங்கான், படிக்கட்டின் செதுக்கு வேலை. போரின்போது தங்கிய தளபதிகளின் கதை. பக்கத்துக் கட்டடம் வெறுங் கூடமாகக் கருதப்பட்டது.

1999 முதல் மூன்றாண்டு காலம் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் அந்த வளவைத் தோண்டினர். பல்லாயிரக்கணக்கான துண்டு துணுக்குகள் வெளிவந்தன. உயர்ந்த பீங்கானின் துண்டுகளோடு, உடைந்த ஓட்டைத் தேய்த்து உருவாக்கிய விளையாட்டுக் காய்களும் கிடைத்தன. பகலெல்லாம் பிறருக்காக உழைத்தவர்கள், இரவிலே கிடைத்த சிறுபொழுதில், உடைந்த ஓட்டைக்கொண்டு தமக்கென ஒரு விளையாட்டை ஆக்கிக்கொண்டார்கள்! மனிதரைச் சரக்கென்று ஏட்டிலே எழுதலாம். ஆனால் அவர்கள் மனிதராக வாழ்ந்ததற்கு மண் சாட்சி சொல்லிற்று.

அதன் பின்னரே அந்த நூதனசாலை தன் முகத்தை மாற்றிக்கொண்டது. பெயரிலே ‘அடிமைக் குடியிருப்பும்’ என்பதைச் சேர்த்துக்கொண்டது. இப்பொழுது அங்கே போகிறவனுக்கு ரோயலின் பெயரோடு பெலிண்டாவின் பெயரும் சொல்லப்படுகிறது. 1908இலிருந்து எண்ணிப் பாருங்கள். ஒரு நூற்றாண்டளவு சென்றிருக்கிறது, ஒரு பெயர்ப்பலகையின் பின்பாதியை எழுதுவதற்கு!

இதைக் கேட்டு, அப்படியானால் அமெரிக்க சுதந்திரமே பொய்யோ என்று இளைஞர் சிலர் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பிரகடனம் பொய்யாயிருந்தால் பெலிண்டாவுக்குப் பற்றுக்கோடே இருந்திராது. அரசியலமைப்பிலே சமத்துவம் என்ற சொல் இராவிடில் எலிசபெத் பிறீமன் எதைக் காட்டி வழக்காடியிருப்பாள்? உயர்ந்த சொல்லை உரைத்தவர்கள் அதற்கேற்ப வாழவில்லை, உண்மை. ஆனால் ஒருமுறை உரைக்கப்பட்ட உயர்ந்த சொல் உரைத்தவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. அடுக்களையிலே நிற்பவளும் அதனைக் கேட்கிறாள். ஒருநாள் அந்தச் சொல்லையே கையிலே ஏந்திக்கொண்டு சட்டசபையின் வாயிலுக்கு வருகிறாள். சுதந்திரத்தின் பெருமை அதைப் பிரகடனஞ் செய்தவர்களின் பேனாவிலே பாதி. அதை மெய்யாக்குமாறு கேட்டுநின்றவர்களின் கைக்குறியிலே மற்றப் பாதி.

தொடக்கத்திலே இரண்டு விண்ணப்பங்களைச் சொன்னேன். 1737இலே மாளிகையின் எசமான் எழுதியது ஒன்று: என் அடிமைகளுக்குத் தீர்வை வேண்டாம் என்பது. 1783இலே அதே மாளிகையின் அடிமை குறியிட்டது மற்றொன்று: என் உழைப்பின் பங்கு எனக்கு வேண்டும் என்பது. முதல் விண்ணப்பத்தை எழுதியவருக்குப் பெயரும், படமும், இலச்சினையும் இருந்தன. இரண்டாவதை அளித்தவளுக்கு ஒரு குறுக்குக் குறியே இருந்தது. காலம் இரண்டையும் எடைபோட்டது. இலச்சினை கழற்றப்பட்டது, குறுக்குக் குறி நிலைத்தது.

மரத்தைச் செதுக்கிக் கல்லாகக் காட்டலாம். காலம் வந்தபோது அதுவும் மரமென்று தெரிந்துவிடும். ஆகவே, இளைஞர்களே! எந்த நாட்டின் விடுதலை வரலாற்றைப் படித்தாலும் முன்வாசலால் மட்டும் நுழைந்து திரும்பிவிடாதீர்கள். பின்வாசலால் போய், அடுப்படியிலே நின்றவர்களையும் கேளுங்கள். அவர்கள் என்ன விண்ணப்பம் எழுதினார்கள், அதற்கு என்ன மறுமொழி கிடைத்தது, கிடைக்குமென்ற பணம் கைக்கு வந்ததா என்று கேளுங்கள். அந்நாடு எவ்வளவு விடுதலை பெற்றது என்பதை அவர்களே உங்களுக்குச் சொல்லுவார்கள்.